முப்பதுக்கு முப்பது

"நாப்பத்திமூணு பேரு, சரண்யா. நாப்பத்திமூணு பேருமே முப்பதுக்கு முப்பது."

டாக்டர் பீமாராவ் கத்தியிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மெதுவாகப் பேசினார். சரண்யாதேவி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"எல்லாரும் அறுபத்தஞ்சு தாண்டினவங்க. எனக்கே இந்தப் பரீட்சை வச்சா இருபத்தெட்டு தேறும். பக்கத்து ஊர்கள்ல பதினாலு, இருபது, இருபத்தஞ்சுன்னு ஒழுங்கா வருது. ஓடைக்கரைப்பட்டியில மட்டும் வயசானா மூளை வளருதா?"

"சார், ஒவ்வொருத்தரா நேர்ல உக்காந்து கேட்டேன் சார்."

"முதல் வாரம் பன்னெண்டு வாங்கின சோணைமுத்து, மூணாவது வாரம் எப்படி முப்பது வாங்குறாரு?"

சரண்யாவும் அந்தக் கேள்வியைத்தான் இரண்டு பஸ் மாறி வரும்போதெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டாவது வாரம் கமிட்டி கூடுது. மாசாமாசம் டாக்டர் வந்து பாக்குற நினைவு கிளினிக் எந்த ஊருக்குன்னு அன்னைக்கு முடிவாகும். இந்த மார்க்கைக் கொண்டுபோய்க் காட்டினா, ஓடைக்கரைப்பட்டியில யாருக்கும் நோய் வராதுன்னு சொல்லி ஊரை லிஸ்ட்லருந்து எடுத்துருவாங்க. இல்லைன்னா நீங்க வீட்டுலருந்தே எழுதிட்டீங்கன்னு சொல்லி உங்களை எடுத்துருவாங்க. சரி பண்ணுங்க."

அவள் வேலை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. முதுமையில் வரும் மறதி நோயை ஆராயும் குழுவில் களப்பணியாளர். செவ்வாய்தோறும் ஆனையூரிலிருந்து காலையிலேயே கிளம்பி, பேரையூருக்கு அப்பால் இறங்கி, அதே பெரியவர்களிடம் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். இன்று என்ன கிழமை, என்ன மாதம், இது எந்த ஊர், எந்த மாவட்டம். ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்க வேண்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்ல வேண்டும். வாராவாரம் மார்க் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தால், யாருக்கு மறதி எட்டிப் பார்க்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

முதல் நாள் என்னவோ நன்றாகத்தான் போனது. பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடும் அழகுராஜா ஊர் மைக்கில் அறிவிப்பு கொடுத்தான்.

"ஞாபக மறதி நோய் சம்பந்தமா மதுரையிலருந்து ஒரு பொண்ணு வந்திருக்கு. சின்னச் சின்னக் கேள்வியாக் கேக்கும். யாரும் சிரிக்காம, கோவப்படாம, பொறுமையாப் பதில் சொல்லுங்க. பாவம், இம்புட்டு வெயில்ல வந்திருக்கு."

கேள்விகளை முடித்துவிட்டு சரண்யா அரை மணி நேரம் பேசினாள். சுகரையும் பிரஷரையும் கட்டுக்குள் வையுங்கள், நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், நாலு பேரோடு பேசிப் பழகுங்கள், புதிதாக எதையாவது கற்றுக்கொள்ளுங்கள். மறதி வந்தவர்கள்மேல் எரிந்து விழாதீர்கள், கேட்டதையே கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லுங்கள், அவர்கள் கண்ணில் படும்படி கிழமையும் தேதியும் எழுதி வையுங்கள். ஊரே வாயைப் பிளந்து கேட்டது. நூறுநாள் வேலையில் கங்காணியாக இருக்கும் முருகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு பேச்சைத் தான் பேசியதில்லை என்று நினைத்துக்கொண்டு சரண்யா பஸ் ஏறினாள்.

அந்தப் பாழாய்ப்போன ஊர் இப்படித் தலையில் கல்லைப் போடும் என்று அன்றைக்கு யார் கண்டது?

நாலாவது செவ்வாய் வார்த்தைகளை மாற்றிக்கொண்டு போனாள். குடை, மாம்பழம், ரயில், கண்ணாடி, செருப்பு போய், சீப்பு, ஆடு, வாளி, ஏணி, மல்லிகை வந்தன.

சோணைமுத்து எதிரே வந்து உட்கார்ந்தார். எழுபத்திரண்டு வயது. வெள்ளை மீசை. அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"செவ்வாக்கிழமை. ஆடி மாசம். ஓடைக்கரைப்பட்டி. பேரையூர் தாலுகா. மதுரை மாவட்டம்."

ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, உரக்க, கல்லில் செதுக்குவதைப்போலச் சொன்னார்.

"தாத்தா, நான் இன்னும் கேக்கவே இல்ல."

"நீ கேட்டு நான் சொல்றதுக்குள்ள உனக்கு எதுக்குத்தா சிரமம்? குடை, மாம்பழம், ரயில், கண்ணாடி, செருப்பு. நல்லாக் கேட்டுக்க."

"அது போன வாரம். இந்த வாரம் வேற. சீப்பு, ஆடு, வாளி, ஏணி, மல்லிகை."

சோணைமுத்துவின் முகம் வாடிவிட்டது. திரும்பி முருகம்மாளைப் பார்த்தார். முருகம்மாள் உதட்டைப் பிதுக்கி, "பூராம் மாறிப்போச்சா?" என்றாள்.

"ஆமா, மாத்திட்டேன்" என்றாள் சரண்யா வெற்றியோடு.

அந்த வெற்றி பத்து நிமிடம் நீடித்தது. பதினொன்றாவது நிமிடம், வேப்பமரத்தடியில் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் வாயிலும் சீப்பு, ஆடு, வாளி முணுமுணுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. மாலையில் கூட்டிப் பார்த்தாள். நாற்பத்திமூன்று பேரும் முப்பதுக்கு முப்பது. பழைய ஐந்து வார்த்தைகளையும் சேர்த்துச் சொன்னதற்கு மார்க் போட இடமில்லை.

ஐந்தாவது வாரம், மரத்தடியே வேண்டாம் என்று முடிவு செய்தாள். அழகுராஜாவிடம் சொல்லி நூலகக் கட்டடத்தைத் திறக்கச் சொன்னாள். ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், வெளியே போகிறவர் இன்னொரு வாசல் வழியாகப் போக வேண்டும். போலீஸ் தேர்வுக்குக்கூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது.

நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கரிக்கட்டையால் எழுதியிருந்தது: இன்று செவ்வாய்க்கிழமை. ஊர் ஓடைக்கரைப்பட்டி.

"அழகுராஜா அண்ணே!"

"சொல்லுங்க மேடம்."

"யாரு இதை எழுதினது?"

"நாந்தான் மேடம். எழுத்து சின்னதாப் போச்சோ?"

"அண்ணே, இது பிட்டு! சுவர்ல விடையை எழுதிப்போட்டா நான் எதைக் கேக்குறது?"

"நீங்கதானே மேடம் கண்ணுல படுற மாதிரி எழுதி வைக்கச் சொன்னீங்க?"

"மறதி உள்ளவங்க இருக்கிற எடத்துல எழுதி வைக்கச் சொன்னேன்!"

"அதான் மேடம், இங்க எழுதினோம்" என்றான் அழகுராஜா, தணிந்த குரலில்.

வாளித் தண்ணீரும் துணியும் வாங்கி அவளே சுவரைத் துடைத்தாள். கரி கரைந்து வழிந்து சுடிதாரெல்லாம் கறுப்பாயிற்று. வாசலில் நின்ற பெண்கள் அதைப் பார்த்து ஒருத்தருக்கொருத்தர் ஏதோ சொல்லிப் பெருமூச்சு விட்டார்கள். அடுத்த வாரம் போனபோது நூலகச் சுவரில் அதே வாசகம் நீலப் பெயின்டில் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் ஒன்று, ரேஷன் கடை வாசலில் ஒன்று, தண்ணீர்த் தொட்டியில் ஒன்று. கிழமையை மட்டும் ஒரு சிலேட்டில் எழுதி ஆணியில் மாட்டியிருந்தார்கள், தினமும் மாற்றிக்கொள்ள வசதியாக.

பயத்தில்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தப்பாகச் சொன்னால் முதியோர் பென்ஷன் போய்விடும் என்று எவனோ கிளப்பிவிட்டிருப்பான். ஏழாவது வாரம் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"இங்க பாருங்க, ஒளிவு மறைவு இல்லாமப் பேசுவோம். மறதி ஒண்ணும் குத்தம் இல்ல. யாருக்கு வேணாலும் வரலாம். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போகலாம். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

முருகம்மாள் எழுந்து வந்து அவள் தலையைத் தடவினாள்.

"இதை நீயே உன் வாயால சொன்ன பாரு, அதுதான் தாயி பெரிசு. வெக்கமே பட வேணாம். நாங்க இருக்கோம்."

"அப்ப இன்னைக்கு உண்மையாப் பதில் சொல்வீங்களா?"

"இன்னைக்குக் கேள்வியே வேணாம். நீ பேசாம உக்காரு, வெயில் தாழப் போகலாம்."

அன்று ஒரு மார்க்கும் விழவில்லை. அதற்குப் பதிலாக ஒரு டிபன் பாக்ஸில் வல்லாரைத் துவையல் வந்தது. ஓர் உரக்கடையின் தினசரி காலண்டரும் வந்தது. காலண்டரைப் பார்த்ததும் சரண்யாவுக்கு ரத்தம் கொதித்தது.

"லஞ்சமா?"

"ஐயய்யோ, சும்மா வீட்டுல மாட்டிக்க தாயி. காலையில எந்திரிச்சதும் ஒரு தாளைக் கிழி."

வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக மறுத்தாள். வல்லாரையைக் கண்டதும் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. "நீங்க எல்லாரும் இதைத் தின்னுட்டுத்தான் வர்றீங்களா?"

"நாங்களா? எங்களுக்கு எதுக்கு?" என்று முருகம்மாள் டிபன் பாக்ஸை அவள் பக்கமே தள்ளினாள்.

ஓட்டப்பந்தயக்காரர்கள் ஊசி போட்டுக்கொண்டு ஓடுவதைப்போல, ஒரு ஊரே வல்லாரை தின்றுவிட்டுப் பரீட்சை எழுதுகிறது என்று டாக்டருக்கு அறிக்கை எழுதினாள். டாக்டர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: 'லீவு ஏதாவது வேணுமா?'

ஒன்பதாவது வாரம் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். செவ்வாய்க்கிழமை போகவில்லை. யாரிடமும் சொல்லாமல் வியாழக்கிழமை மத்தியானம் போய் இறங்கினாள். சத்தம் காட்டாமல் வேப்பமரத்தை நெருங்கினாள்.

நினைத்தது சரிதான். முழு வகுப்பே நடந்துகொண்டிருந்தது. முருகம்மாள் நடுவில் நிற்க, சுற்றிலும் பெரியவர்கள்.

"நூறுல ஏழு போனா?"

"தொண்ணூத்திமூணு!"

"அதுல ஏழு போனா?"

"எம்பத்தாறு!"

"சோணைமுத்து மாமா, நீங்க நேத்து எம்பத்தஞ்சுன்னு சொல்லிட்டீங்க. ஆளுக்கொரு பதில் சொல்லக்கூடாது. ஊருக்கே ஒரே பதிலா இருக்கணும், ஆமா."

"நல்லா இருக்கு!" என்று சரண்யா மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். "கையும் களவுமா மாட்டினீங்களா?"

ஒருவரும் ஓடவில்லை. ஒருவர் முகத்திலும் களவில் மாட்டிய அசடு இல்லை. எல்லோரும் இழவு வீட்டில் நிற்பவர்களைப்போல அவளைப் பார்த்தார்கள்.

"தாயி," என்றாள் முருகம்மாள், "இன்னைக்கு வியாழன்."

"தெரியும்."

"நீ செவ்வாக்கிழமையில்ல வருவ?"

"இந்த வாரம் வியாழக்கிழமை வந்திருக்கேன். வேணும்னுதான் வந்திருக்கேன்."

"ஆமாத்தா, வேணும்னுதான் வந்திருக்க" என்று முருகம்மாள் அவசரமாக ஒத்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அன்றைக்கு அவளைத் தனியாக பஸ் ஏற விடவில்லை. சோணைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கும் மதுரையில ஒரு சோலி இருக்கு, வாரேன்" என்று கூடவே ஏறிவிட்டார். திருமங்கலம் வரும்போது, "இது திருமங்கலம்" என்றார். திருப்பரங்குன்றம் வரும்போது, "இது திருப்பரங்குன்றம்" என்றார். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், ஆனையூர் போகும் டவுன் பஸ்ஸைத் தேடிப் பிடித்துக் கண்டக்டரிடம் காதோடு காதாக ஏதோ சொன்னார். கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெண்கள் சீட்டில் முதல் வரிசையைக் காலி செய்து கொடுத்தார்.

"உங்களுக்கு இங்க என்ன சோலி தாத்தா?"

"முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, சோணைமுத்து அதே கையோடு திரும்பும் பஸ்ஸைத் தேடிப் போனார்.

உளவு பார்க்க வந்திருக்கிறார் என்று சரண்யாவுக்குப் புரிந்துவிட்டது. மறுபடி பாதியில் இறங்கித் திரும்பி வந்து வகுப்பைக் கெடுத்துவிடுவாளோ என்று காவலுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்! ஒரு ஊரே திட்டம் போட்டுத் தன் பிழைப்பைக் கெடுக்கிறது. ஆனையூர் வரும்வரை ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு வந்தாள். பஸ் நிற்பதற்கு முன்பே கண்டக்டர், "அம்மா, ஆனையூர், ஆனையூர், இதுதான் உங்க ஸ்டாப்பு" என்று மூன்று தடவை கூவினார்.

இத்தனை பித்தலாட்டத்துக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள்தான் அவளுக்கு ஆறுதல். மாயக்காள். எண்பத்திரண்டு வயது. முதல் வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் அந்த நாற்பத்திமூன்று பேர் பட்டியலில் இல்லை. பிறகு ஒவ்வொரு வாரமும் வந்து எதிரே உட்கார்ந்தாள். ஆனால் ஒரு கேள்விக்கும் பதில் சொன்னதில்லை.

"பாட்டி, இன்னைக்கு என்ன கிழமை?"

மாயக்காள் அவள் முகத்தையே பார்ப்பாள். "நீ சொல்லு பாப்போம்."

"இது எந்த ஊரு பாட்டி?"

"அவசரமில்ல. யோசிச்சு நீயே சொல்லு."

ஆரம்பத்தில் சரண்யா, 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினாள். பத்தாவது வாரம் திடீரென்று மண்டையில் உறைத்தது. பதில் தெரியாதவர்கள் கேள்வியைத் திருப்பிவிடுவார்கள். பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஊர் முழுக்கச் சொல்லிக் கொடுத்தும் ஒரு வார்த்தைகூட மனதில் நிற்கவில்லை என்றால், இது முற்றிய நோய்! மாயக்காளுக்கு முப்பதுக்குப் பூஜ்யம். கையால் எழுதிய அந்தப் பூஜ்யத்தை சரண்யா ஆசையோடு பார்த்தாள். மூன்று மாதத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே நாணயமான மார்க் அதுதான். கூடவே மனது கஷ்டப்பட்டது. அவ்வளவு கனிந்த முகம், உள்ளே எல்லாம் அழிந்துகொண்டிருக்கிறது.

டாக்டருக்கு போன் போட்டாள்.

"சார், ஒருத்தர் இருக்காங்க. நிச்சயம் நோய்தான். நீங்களே நேர்ல வந்து பாருங்க சார். இந்த ஒருத்தங்களுக்காகவாவது அந்த கிளினிக் இந்த ஊருக்கு வேணும்."

அவள் அப்படிக் கெஞ்சியதாலோ என்னவோ, டாக்டர் பீமாராவ் ஒத்துக்கொண்டார்.

பன்னிரண்டாவது செவ்வாய், கமிட்டி கூடுவதற்கு இரண்டு நாள் முன்னால், ஜீப் ஓடைக்கரைப்பட்டிக்குள் நுழைந்தது. டாக்டர் வருகிறார் என்று அழகுராஜா ஏற்கெனவே மைக்கில் சொல்லிவிட்டான். ஊர் மொத்தமும் வெளுத்த வேட்டியும் சேலையுமாக நூலக வாசலில் நின்றது. டாக்டர் இறங்கியதும் சோணைமுத்து துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார்.

"நல்ல மனுசங்களாத்தானே தெரியுறாங்க" என்றார் டாக்டர் மெதுவாக.

"அப்படித்தான் சார் தெரியும். ஏமாந்துறாதீங்க."

டாக்டர் சுவரிலிருந்த நீல எழுத்தைப் படித்தார். ஆணியில் தொங்கிய சிலேட்டைப் பார்த்தார். திரும்பி சரண்யாவைப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஊர் பூரா இருக்கு சார்" என்றாள்.

மாயக்காளை அழைத்து வந்து நாற்காலியில் உட்கார்த்தினார்கள். வெளியே ஜன்னலில் தலைகள் அடுக்கிக்கொண்டன.

"நான் குறுக்க வரலை. நீங்க எப்பவும் கேக்குற மாதிரியே கேளுங்க" என்றார் டாக்டர்.

சரண்யா நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள். இந்த ஒருமுறை மட்டும் இந்தக் கிழவி பதில் சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். அப்படி நினைப்பதற்காக வெட்கமாகவும் இருந்தது.

"பாட்டி, இன்னைக்கு என்ன கிழமை?"

மாயக்காள் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி பாட்டி. இது எந்த ஊரு?"

மாயக்காள் அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. பிறகு நாற்காலியைப் பிடித்து எழுந்து, சரண்யாவைத் தாண்டிப் போய், டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மூணு மாசமா ஊரே கூடி இது ஓடைக்கரைப்பட்டி, ஓடைக்கரைப்பட்டின்னு சொல்லிக் குடுக்குது, நான் ஒருத்தி மட்டும் அதுவா யோசிச்சுச் சொல்லட்டும்னு வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன், ஒண்ணுக்கும் கேக்கலையே சாமி, நாளைக்கு ஒரு வீட்டுக்கு வாழப் போற பிள்ள, நீங்களாச்சும் நல்ல மருந்தாப் பாத்துக் குடுத்து இதக் குணமாக்கிருங்க!"